சுவரை விட மெலிந்த சாந்து

புதுச்சேரியில் பழைய வீடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் என்றாவது ஒருநாள் ஒரே தொல்லையில் வந்து நிற்கிறார்கள். சுவரின் அடியில், தரையிலிருந்து இடுப்பளவு உயரம் வரை, ஓதம் ஏறிக் காரை பொரிந்து உதிர்கிறது. பெருக்கித் தள்ளினாலும் அடுத்த வாரம் அதே இடத்தில் அதே வெள்ளைத் தூள் கிடக்கிறது. ஊரில் இதற்குச் சொல்லப்படும் வைத்தியமும் ஒன்றே: பொரிந்ததைக் கொத்தி எடுத்துவிட்டுக் கெட்டியாக சிமென்ட் பூசிவிட வேண்டும். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் வீதிகளுள் ஒன்றில், திண்ணையும் முற்றமும் தாழ்வாரமும் மேலே மெட்ராஸ் டெரஸ் என்னும் செங்கல்-சுண்ணாம்புத் தளமுமாக இருக்கும் எங்கள் குடும்ப வீட்டிலும் பெரியப்பா காலத்தில் இதைத்தான் செய்தார்கள். சில ஆண்டுகள் சுவர் வழவழப்பாக இருந்தது. பிறகு ஓதம் சிமென்டுப் பூச்சுக்கும் மேலே, தோளுயரத்தில், புதிதாகத் தலைகாட்டியது.

ஏன் அது மேலே ஏறியது என்று தெரிந்துகொள்ளப் புறப்பட்டதில்தான் பாரம்பரியக் கட்டடங்களையும் பழம்பொருள்களையும் பாதுகாக்கும் அறிவியல் எனக்கு அறிமுகமாயிற்று. நான் பொறியாளன் அல்லன். கல்லூரியில் வேதியியல் படித்ததோடு சரி. ஆனாலும் இந்தத் துறையின் அடிப்படை விதி ஒன்று, நம் பொதுப்புத்திக்கு நேர் எதிராக இருப்பதால், உடனே மனத்தில் பதிந்துவிட்டது. பழையதைப் பழுதுபார்க்க நாம் சேர்க்கும் பொருள் பழையதை விட வலுவில் குறைந்ததாக இருக்க வேண்டும். தேய்மானம் என்று ஒன்று வந்தால் அது புதிதாகச் சேர்த்ததைத்தான் முதலில் தின்ன வேண்டும். வீட்டு வேலை என்றாலே எத்தனை மூட்டை சிமென்ட், எத்தனை டன் கம்பி என்று வலுவை எண்ணியே பழகிய நமக்கு இது எளிதில் செரிப்பதில்லை.

செங்கல்லிலும் சுண்ணாம்புச் சாந்திலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்திருக்கின்றன. அடித்தளத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் மண்ணின் ஈரம் அந்தத் துளைகளின் வழியே மெல்ல மேலே ஏறுகிறது. ஏறுகிற நீர் சுவரின் முகத்திலிருந்து ஆவியாகிக்கொண்டே இருப்பதால், ஏதோ ஓர் உயரத்தில் வரவும் செலவும் சமமாகி ஏற்றம் நின்றுவிடுகிறது. சுண்ணாம்புக் காரை பூசிய சுவரில் இந்தக் கணக்கு இடுப்புயரத்திற்குள்ளேயே முடிந்துவிடுவது வழக்கம். கீழ்ப்பகுதியில் நீராவி புகாத சிமென்டுப் பூச்சைப் போட்டுவிட்டால், வரவு குறையாமலேயே செலவின் வழி மட்டும் அடைபடுகிறது. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் நடப்பவனுடைய சட்டை உள்ளுக்குள்ளேயே நனைவதைப் போல, சுவர் பூச்சுக்குப் பின்னால் நனைந்துகொண்டே, ஆவியாக இடம் தேடி நீரை இன்னும் மேலே அனுப்புகிறது. எங்கள் வீட்டில் தோளுயரத்தில் தெரிந்த கறையின் காரணம் இவ்வளவுதான்.

நீர் மட்டும் வந்து போனால் பெரிய கேடில்லை. அது உப்பைக் கூட்டிக்கொண்டு வருகிறது. கடற்கரை ஊர் என்பதால் நமக்கு உப்பு நிலத்தடி நீரிலும் இருக்கிறது, காற்றிலும் இருக்கிறது, கட்டியபோது கலந்த மணலிலும் இருந்திருக்கக்கூடும். சமையலுப்பாகிய சோடியம் குளோரைடுக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடுகிறது. அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகிறது. ஐப்பசி மாதத்தில் அடுக்களை உப்பு ஜாடி கசிவதும் இதனால்தான். புதுச்சேரியின் தட்பவெப்பம் ஏறக்குறைய இந்த எல்லைக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது: இரவில் ஈரப்பதம் 75-ஐத் தாண்டுவதும் வெயில் ஏறியபின் கீழே இறங்குவதும் ஆண்டின் பெரும்பகுதியில் நடப்பது. ஆகையால் சுவருக்குள் இருக்கும் உப்பு நாள்தோறும் கரைந்து நாள்தோறும் உறைகிறது. உறையும் ஒவ்வொரு முறையும் வளரும் படிகம் தான் அடைந்திருக்கும் துளையின் பக்கங்களை நெருக்குகிறது. பாலைவனத்து ஊரில் எப்போதும் உலர்ந்தே கிடக்கும் உப்பும், எப்போதும் நீருக்கடியில் இருக்கும் சுவரின் உப்பும் இவ்வளவு சேதம் செய்வதில்லை. எல்லையை அடிக்கடி கடப்பதுதான் கேடு.

அந்தப் படிகம் எந்த இடத்தில் வளர்கிறது என்பதில்தான் காரைக்கும் சிமென்டுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அடங்கியிருக்கிறது. சுண்ணாம்புக் காரை நீராவியைத் தடையின்றி வெளியே விடுவதால், நீர் காரையின் முகத்துக்கு வந்து ஆவியாகிறது, உப்பு வெளியே பூக்கிறது, துடைப்பத்தால் தட்டிவிடலாம். மிஞ்சிப்போனால் காரை கெட்டுப்போகும், செங்கல் பிழைக்கும். சிமென்டுப் பூச்சு நீராவியைத் தடுப்பதால் ஆவியாதல் பூச்சுக்குப் பின்னால், செங்கல்லின் முகத்திலேயே நடக்கிறது. படிகமும் அங்கேதான் வளர்கிறது. பூச்சு தட்டிப் பார்த்தால் கெட்டியாகத்தான் இருக்கும், ஆனால் பின்னால் செங்கல் மாவாகியிருக்கும். போதாக்குறைக்கு, சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட் தன் பங்குக்குச் சிறிதளவு சோடியம், பொட்டாசியம் உப்புகளையும் உள்ளே கொண்டுவருகிறது. அவற்றிலிருந்து உண்டாகக்கூடிய சோடியம் சல்பேட், நீரற்ற நிலையிலிருந்து நீரேறிய நிலைக்கு மாறும்போது பருமனில் மூன்று மடங்குக்கு மேல் பெருகுவது. கட்டடக் கற்களுக்கு அதைவிடக் கொடிய உப்பு இல்லை என்பது இத்துறையினரின் பொதுவான கருத்து.

எங்கள் வீட்டுப் பழைய பூச்சைக் கொத்தியபோது, வலுவாக ஒட்டிக்கொண்டிருந்த இடங்களில் அது செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு வந்தது. ஒட்டாத இடங்களில் தூள் கொட்டியது. நடுவே, கதவு நிலைக்குப் பின்னால் ஒரு சாண் அகலத்திற்கு மட்டும், சிமென்ட் படாத பழைய காரை அப்படியே இருந்தது. அந்தத் துண்டுதான் எனக்குப் பாடப்புத்தகம் ஆயிற்று.

பழைய காரையில் என்ன கலந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் முதல் சோதனை மிக எளியது. பள்ளி ஆய்வகத்திலேயே செய்துவிடலாம். உலர்த்தி எடை போட்ட துண்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்துபோகும். மணல் அடியில் தங்கும். வடிகட்டிக் கழுவி எடைபோட்டால் சுண்ணாம்பு எத்தனை பங்கு, மணல் எத்தனை பங்கு என்று தெரிந்துவிடும். மணலைச் சல்லடைகளில் சலித்தால் எந்தப் பருமன் எவ்வளவு என்பதும் தெரியும். ஆனால் கடலோர ஊர்களில் இந்தச் சோதனை ஏமாற்றும். இங்குள்ள மணலில் கிளிஞ்சல் நொறுங்கல்கள் கலந்திருக்கும். அவையும் கால்சியம் கார்பனேட்தான் என்பதால் அமிலத்தில் சுண்ணாம்போடு சேர்ந்து கரைந்துபோய், கலவையில் சுண்ணாம்பு கூடுதலாக இருந்ததாகக் காட்டிவிடும். அதனால்தான் துண்டை 30 மைக்ரோமீட்டர் கனத்திற்கு, ஒளி ஊடுருவும்படி, தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். அதில் சுட்ட சுண்ணாம்பு வேறு, சுடப்படாத கிளிஞ்சல் வேறு என்று வடிவத்தைக் கொண்டே பிரித்துவிடலாம். சரியாக வேகாத சுண்ணாம்புக் கட்டி, சுர்க்கிக்காக இடித்துப் போட்ட செங்கல் தூள், அடுப்புக்கரி எல்லாம் அதில் தெரியும். படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு ஆய்வும், சூடேற்றிக்கொண்டே எடைக் குறைவை அளக்கும் ஆய்வும் அதற்குப் பிறகுதான். கல்லூரி ஒன்றில் பணிபுரியும் நண்பர் எங்கள் வீட்டுத் துண்டுக்கு முதல் இரண்டையும் செய்து பார்த்தார். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு பங்கிற்குச் சற்றுக் கூடுதலான மணல், கொஞ்சம் செங்கல் தூள், கண்ணுக்குத் தெரியும் அளவில் கிளிஞ்சல் துணுக்குகள். இவ்வளவுதான் அதில் இருந்தவை.

நம் ஊர்ப்பக்கத்துப் பழங்கட்டடம் என்றாலே முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய், வெல்லம் என்று ஒரு பட்டியல் சொல்லப்படும். மெச்சிப் பேசுவோர், அதில் ஏதோ மந்திரம் இருப்பதாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அவநம்பிக்கைக்காரர்கள் அதை வெறும் கதை என்று தள்ளுவதையும் கேட்டிருக்கிறேன். இரண்டுமே சோம்பேறித்தனம். சர்க்கரை, சுண்ணாம்பு நீரில் கரையும் அளவைப் பல மடங்கு கூட்டும் என்பது வேதியியலில் நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. ஆகவே வெல்லத் தண்ணீர் சுண்ணாம்பைக் கலவை முழுதும் பரப்பப் பயன்பட்டிருக்கும் என்று எண்ணுவதற்கு இடமிருக்கிறது. கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணமான டானின்கள் கலவையின் குழைவையும் இறுகும் வேகத்தையும் மாற்றுகின்றன. சீனத்தில் பசையரிசிக் கஞ்சி கலந்து கட்டிய பழஞ்சுவர்களை ஜெஜியாங் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், அரிசியிலுள்ள அமைலோபெக்டின் சுண்ணாம்புப் படிகங்களைப் பெரிதாக வளரவிடாமல் தடுத்து நெருக்கமான அமைப்பைத் தருவதாகக் காட்டினார்கள். நம் கடுக்காய்க்கும் வெல்லத்துக்கும் அவ்வாறே காரணம் காணும் ஆய்வுகள் தமிழ்நாட்டிலும் நடக்கின்றன. ஆனால் எல்லாச் சுவரிலும் எல்லாம் போட்டார்கள் என்று எண்ணுவது தவறு. முட்டை வெள்ளைக்கரு மேலே தேய்த்து மெருகேற்றும் மெல்லிய கடைசிப் பூச்சுக்குரியது. உள்ளே செங்கல்லை இணைக்கும் சாந்துக்கு அவ்வளவு முட்டைக்கு எவனும் செலவழித்திருக்க மாட்டான்.

சுண்ணாம்பு இறுகும் முறையே தனி. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ ஏறத்தாழ 900 பாகை செல்சியஸில் சுட்டால் அதிலிருந்து கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. நீர் விட்டால் கொதித்து வெடித்து நீற்றுச் சுண்ணாம்பாகிறது. அதைப் பூசியபின் அது காற்றிலிருந்து, முன்பு இழந்த அதே கரியமில வாயுவைச் சிறிது சிறிதாகத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக் கல்லாகிறது. இது மேற்பரப்பிலிருந்து உள்ளே மாதக் கணக்கில், கனமான சுவரில் ஆண்டுக் கணக்கில் நடப்பது. அந்த மெதுவே சுண்ணாம்பின் பலம்: கட்டடம் தன் எடையில் அமர்ந்து சற்றே நெளியும்போது சாந்து நெளிந்து கொடுக்கிறது, மயிரிழை விரிசல் விழுந்தாலும் நீரில் கரைந்த சுண்ணாம்பு அதற்குள் மீண்டும் படிந்து ஓரளவு அடைத்துவிடுகிறது. விறைப்பான சிமென்டுச் சாந்து நெளியாது, எனவே விரிசல் மெலிந்த செங்கல்லின் வழியே போகிறது. செங்கல்லை மாற்றுவதை விடச் சாந்தை மாற்றுவது எளிது என்று தெரிந்தவர்கள்தான் சாந்தைச் செங்கல்லை விட மெலிவாக வைத்தார்கள்.

எங்கள் வீட்டு வேலைக்கு வந்த மேஸ்திரி சிமென்ட் காலத்துக்காரர். சுண்ணாம்பு வேலையைத் தம் தகப்பனார் கைத்தொழிலாகப் பார்த்திருந்தார். நான் விதியையெல்லாம் விளக்கியபோது பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது சரிங்க சார். ஆனா சுண்ணாம்பு பூசின சுவத்த ரெண்டு நாளைக்கு ஒருத்தன் பக்கத்துல நின்னு பாத்துக்கணும். அந்தக் கூலிய யாரு குடுக்கறது?" என்றார். என் விளக்கம் முழுவதையும் விட இந்தக் கேள்வி பெரிது. சுண்ணாம்புக் காரையை ஒரே மூச்சில் கனமாகப் பூச முடியாது. மெல்லிய அடுக்குகளாகப் போட வேண்டும், ஒவ்வொன்றும் இறுக இடைவெளி விட வேண்டும், சீக்கிரம் காய்ந்துவிடாமல் ஈரச் சாக்கு மறைக்க வேண்டும், விரிசல் கண்ட இடத்தை மட்டப்பலகையால் மறுபடி தட்டித் தேய்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை நின்ற தை மாதத்தில் தொடங்கினால்தான் கத்திரி வெயிலுக்குள் முடிக்க முடியும். சிமென்ட் வென்றது வலுவினால் மட்டும் அன்று. அது மறுநாளே அடுத்த வேலைக்கு ஆளை விடுவித்ததனாலும்தான்.

இந்த ஊரில் கட்டடப் பாதுகாப்பைப் பற்றிப் பேசினால் மேரி கட்டடத்தைத் தொடாமல் போக முடியாது. 1761-இல் ஆங்கிலேயர் நகரை இடித்துத் தரைமட்டமாக்கியதால், இன்று நாம் பழைய புதுச்சேரி என்று சொல்லுவதில் பெரும்பங்கு அதற்குப் பிந்திய இரண்டரை நூற்றாண்டுக்குள் எழுந்ததுதான். அவற்றுள் கடற்கரைச் சாலையில் 1870-71-இல் கட்டப்பட்ட நகரமன்றமாகிய மேரி, பல்லாண்டு பழுதுற்று நின்று, 2014 நவம்பர் மாதப் பெருமழையில் சரிந்து விழுந்தது. பிறகு ஏறத்தாழ 15 கோடி ரூபாய் செலவில், முன்பிருந்த தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பட்டு 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. கடற்கரையில் நடப்பவர்களுக்கு அந்த வெண்ணிற முகப்பு மீண்டும் கிடைத்தது நல்லதே. அந்த இடத்தில் வேறெதையாவது கட்டியிருந்தால் வீதியே கெட்டிருக்கும். ஆனாலும் அதைப் பாதுகாப்பு என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது. புதிய கட்டடத்தில் ஊகம் குறைவாகவே இருக்கலாம், படங்களும் அளவுகளும் இருந்தனவே. இழந்தது வேறு. பழைய சாந்தில் எந்தச் சுண்ணாம்பு, உத்திரம் எந்தக் காட்டு மரம், எந்தச் செங்கல் சூளை, எத்தனை முறை வெள்ளையடித்தார்கள் என்று இனி யாரும் அந்தக் கட்டடத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. பிரதிக்கு முகம் உண்டு, சாட்சியம் இல்லை.

சிறிய அளவில், ஆனால் என் கணக்கில் பெரிதாக, நடந்தது வைசியாள் வீதி வேலை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா ஊர்ப்ஸ் திட்டத்தில், பாரம்பரியத்தைக் காக்கும் இன்டாக் அமைப்பு அங்கே தமிழ் வீடுகளின் முகப்புகளை, வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு, வீதி முழுவதுமாகச் சீர்செய்தது. யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருதும் அதற்கு 2008-இல் கிடைத்தது. வெள்ளையர் பகுதியின் மஞ்சள் சுவர்களையே ஊரின் முகமாகக் காட்டிய காலத்தில், தாழ்வாரத்தையும் திண்ணையையும் பாரம்பரியம் என்று ஒப்புக்கொள்ள வைத்ததே அதன் பெரிய பயன் என்று நினைக்கிறேன்.

கான்கிரீட்டும் இப்போது பாரம்பரியம் ஆகிவிட்டது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி, அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்து 1937-இல் வேலை தொடங்கியது. ஜார்ஜ் நாகஷிமா இங்கே தங்கியிருந்து அதன் கட்டுமானத்தைக் கவனித்தார். இந்தியாவில் முதன்முதலில் எழுந்த வலுவூட்டிய கான்கிரீட் கட்டடங்களுள் அது ஒன்று. இங்கே வேதியியல் நம்மை வேடிக்கை பார்க்கிறது. சுண்ணாம்புக் காரையை உறுதியாக்கும் அதே கரியமில வாயு, கான்கிரீட்டுக்குள் புகுந்தால் அதன் காரத்தன்மையைக் குறைக்கிறது. புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மையைக் காட்டும் pH எண் 12.5-க்கு மேலே இருக்கும்வரை உள்ளே இருக்கும் எஃகுக் கம்பியின் மேல் ஒரு மெல்லிய ஆக்சைடுப் படலம் காவலாக நிற்கும். 9-க்குக் கீழே இறங்கினால் அந்தக் காவல் போய்விடும். கடற்காற்றின் குளோரைடு அதற்கு முன்பே வந்து படலத்தைத் துளைத்துவிடுவதும் உண்டு. கம்பி துருப்பிடித்தால் துரு இரும்பை விடப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட் வெடித்து உதிரும். காற்றும் உப்பும் ஒன்றே, ஆனால் ஒரு கட்டடத்துக்கு உதவுவது இன்னொன்றுக்குப் பகை. பழைய கட்டடங்களுக்கெல்லாம் பொதுவான ஒரே மருந்து என்று விற்கப்படும் எந்த டப்பாவையும் நான் இப்போது சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

கோயில்களில் இதே கதை வண்ணத்தில் நடக்கிறது. கடலூர் மாவட்டத்தில் பண்ணுருட்டியை ஒட்டிய திருவதிகை வீரட்டானேசுவரர் கோயிலின் விமானம் சுதை உருவங்களுக்குப் பேர்போனது. சுதை என்பது செங்கல்லின் மேல் சுண்ணாம்பால் உருவாக்குவது. அதுவும் காரையைப் போல மூச்சுவிட வேண்டிய பொருள். குடமுழுக்குக்குக் குடமுழுக்கு அதன் மேல் எனாமல் வண்ணம் ஏறும்போது நீராவியின் வழி அடைபட்டு, உருவத்தின் விரலும் மூக்கும் உள்ளிருந்து பெயர்கின்றன. பிறகு அந்த விரலை சிமென்டில் செய்து ஒட்டுகிறார்கள். கருங்கல்லில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க மணலை அழுத்தத்தில் பீய்ச்சியடித்த காலமும் இருந்தது. அழுக்கோடு கல்லின் தோலும், உளி பட்ட தடமும், கல்வெட்டு எழுத்தின் விளிம்பும் போயின. இப்போது அதற்குத் தடை இருக்கிறது. 2021 ஜூன் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் கோயில்களையும் தொன்மையான சின்னங்களையும் காக்க 75 வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. பக்தியோடு செய்யும் பழுதுபார்ப்பைக் குறைசொல்லுவது எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்திக்கு எனாமல்தான் வேண்டும் என்று எந்த ஆகமமும் சொல்லவில்லை.

வெண்கலத்துக்கும் குளோரைடுதான் எமன். மண்ணுக்கடியில் நெடுங்காலம் கிடந்த செப்புத் திருமேனியின் துருவுக்குள் செம்புக் குளோரைடு தங்கியிருந்தால், தோண்டி எடுத்து ஈரக்காற்றில் வைத்தவுடன் அது வேலையைத் தொடங்கும். வெளிர்பச்சைத் தூள் புள்ளி புள்ளியாகக் கிளம்பும். அந்த வினையில் உண்டாகும் அமிலம் மேலும் செம்பை அரித்து மேலும் குளோரைடை உண்டாக்கும். இதை வெண்கல நோய் என்கிறார்கள். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930-இல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகத்தைத் தொடங்கி இந்தியாவில் இத்துறைக்கு வழிகாட்டிய எஸ். பரமசிவன், மின்பகுப்பு முறையில் வெண்கலங்களின் துருவை நீக்கினார். அன்று அது உலகத் தரமான முறை. இன்று அதைத் தயக்கத்தோடுதான் கையாளுகிறார்கள், ஏனென்றால் அது நோயோடு சேர்த்துப் பச்சைப் படலம் முழுவதையும் உரித்துவிடுகிறது. சிலையின் பழைய மேற்பரப்பும், அது புதைந்துகிடந்த மண்ணின் தடயமும் அந்தப் படலத்துக்குள்தான் இருக்கின்றன. வீட்டில் புளி போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைக்கும் குத்துவிளக்குக்கும் காட்சிப்பேழையில் இருக்கும் சோழர் வெண்கலத்துக்கும் இந்த வேறுபாடு உண்டு. இப்போதைய முதல் மருந்து மருந்தே அன்று: ஈரப்பதத்தை 40 விழுக்காட்டுக்கு அருகில் வைத்திருப்பது. புதுச்சேரியின் கடற்காற்றில் அது மின்கட்டணத்தில் தெரியும்.

ஓலைச்சுவடிக்கு இதே எண் ஆகாது. அவ்வளவு உலர்ந்தால் ஓலை முறுகி உடையும். பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-இல் தொடங்கிய நாளிலிருந்து திரட்டியவையும் தூரக்கிழக்கு பிரெஞ்சுப் பள்ளியின் புதுச்சேரி மையத்தில் உள்ளவையுமாக இந்த ஊரில் இருக்கும் ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பெரும்பாலானவை கிரந்த எழுத்தில் உள்ளவை. அவற்றுக்குச் செய்யப்படுவது பார்ப்பதற்கு மிக எளிய வேலை: மென்தூரிகையால் தூசு தட்டுவது, எலுமிச்சைப்புல் தைலம் தடவி ஓலைக்கு நெகிழ்வு கொடுப்பது, மங்கிய எழுத்துக்கு விளக்குக்கரி பூசித் துடைப்பது, சட்டங்களுக்கிடையே இறுகக் கட்டித் துணியில் சுற்றுவது. தைலமும் மிகுந்தால் தூசைப் பிடித்துக்கொள்ளும். பூச்சி கண்ட கட்டுக்கு நச்சுப்புகை போடுவதற்குப் பதிலாக, காற்றுப்புகாத உறையில் ஆக்சிஜனை ஏறக்குறைய முற்றிலும் நீக்கிச் சில வாரம் வைத்துவிடும் முறை உலகெங்கும் பரவியிருக்கிறது. புழு மூச்சுமுட்டிச் சாகிறது, ஓலையில் எதுவும் ஒட்டுவதில்லை.

அதே நிறுவனத்தார் 1950-களிலிருந்து கோயில் கோயிலாகப் போய் எடுத்துவைத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஒளிப்படங்கள், எடுத்தபோது யாரும் எண்ணாத பயனைத் தந்தன. கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் கோயிலிலிருந்து காணாமற்போன அர்த்தநாரீசுவரர் கற்சிலை ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் இருந்தது. ஸ்ரீபுரந்தான் நடராசர் கான்பராவில் இருந்தார். இரண்டும் 2014-இல் திரும்பின. கோயிலில் இருந்தபோது எடுத்த படம் இருந்ததால்தான் அது இந்தச் சிலையே என்று நிறுவ முடிந்தது. ஒரு சிராய்ப்பு, ஒரு வார்ப்புக் குறை, உடைந்த விளிம்பின் கோணம். பழுது என்று நாம் நினைக்கும் அடையாளங்களே சான்றாயின. எல்லாவற்றையும் புதுக்கித் தேய்த்து வைத்திருந்தால் அந்த வழக்கும் நின்றிருக்காது.

எங்கள் வீட்டில் சுவர் வேலை ஒருவழியாக முடிந்தது. கொத்திய சுவரில் உப்பை இழுக்கக் காகிதக்கூழை வாலைவடி நீரில் குழைத்து அப்பி, காய்ந்ததும் உரித்தெடுத்தோம். உரித்த கூழைக் கரைத்த நீரில் வெள்ளி நைட்ரேட் விட்டால் பால்போல் வெளுக்கும், அது குளோரைடு. வெளுப்பு வெகுவாகக் குறையும்வரை மறுபடி மறுபடி அப்பினோம். பிறகு சுண்ணாம்பும் மணலும் செங்கல் தூளுமாக, பழைய துண்டை விடச் சற்று மணல் கூடிய கலவையை, மூன்று அடுக்காகப் பூசினார்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளையடிப்பு மட்டுமே. நின்று பார்த்துக்கொள்ளும் ஆளின் கூலியைத் தனியாக எழுதிக் கொடுத்தேன். இந்தக் காரையும் சில ஆண்டில் அடியில் பொரியும், அதைக் கொத்திவிட்டு மறுபடி பூச வேண்டியிருக்கும் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அப்படியானால் எதற்கு இவ்வளவு செலவு என்று என் தம்பி கேட்டான்; பொரிவது காரையாக இருக்கட்டும், செங்கல்லாக வேண்டாம் என்றேன். அவனுக்கு இன்னும் முழு நிறைவில்லை.

மெட்ராஸ் டெரஸ் தளம் இன்னும் பாக்கி. செங்கல்லைக் குத்திட்டு வைத்துச் சுண்ணாம்பில் இணைத்த தளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைத் தாங்கும் தேக்குச் சட்டங்களில் தெருப்பக்கச் சுவருக்குள் புதைந்திருக்கும் முனைகள் மட்டும், ஈரச்சுவரில் இத்தனை காலம் கிடந்ததால், தட்டினால் வேறு ஓசை தருகின்றன. முனையை மட்டும் வெட்டி அதே மரத்தில் ஒட்டுப்போடலாம் என்கிறார் தச்சர். முழுச் சட்டத்தையும் எடுத்துவிட்டு இரும்பு போடலாம் என்கிறார் மேஸ்திரி. கடற்காற்றையும் குளோரைடையும் பற்றி அவரிடம் எடுத்துச் சொல்லியாயிற்று. சுவர் நன்றாக உலர்ந்தபின் சட்டத்தின் ஈரத்தை அளந்து பார்த்துவிட்டு, தச்சரையே வரச் சொல்லியிருக்கிறேன்.